சீருக்கு வாங்கிய கம்ப்யூட்டர்

உன் கல்யாணச் சீருக்கென்று கண்டியில் வாங்கி வந்த கம்ப்யூட்டரைப் போன செவ்வாய்க்கிழமை நான் கழற்றிப் பார்த்துவிட்டேன். பெட்டியின் பின்பக்கத்தில் வெள்ளி நிறத்தில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. மூடியை இழுத்ததும் அது இரண்டாகக் கிழிந்தது. அது கிழிந்தால் வாரண்டி செல்லாது என்று அந்த ஸ்டிக்கரிலேயே ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கிறார்கள். நம் மரக்கறிக் கடையில் கணக்கு எழுதும் ஜெயராணி அதை வாசித்துச் சொன்னபோது ஸ்க்ரூ எல்லாம் என் சட்டைப் பையில் கிடந்தன.

அன்றைக்கே உனக்குப் போன் எடுத்தேன். "பச்சைப் பலகையில பழுப்பு நெறத்துல நீளமா ஒரு வாய் தொறந்து கெடக்கே ரேணு, அதுல என்னா இருக்கணும்?" என்று கேட்டேன். "அப்பா, அத ஏன்ப்பா தொறந்தீங்க" என்றாய். "நான்தான் ரெடிமேட் வேணான்னு சொன்னேன்ல. எதுக்கு வாங்கினீங்க" என்றாய். பிறகு வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டாய். நீ கேட்ட இரண்டுக்கும் பதில் நீளமானது. போனில் சொன்னால் நடுவில் "அப்பா, அது அப்படி இல்லப்பா" என்று ஆரம்பித்துவிடுவாய். நானும் உரக்கப் பேசுவேன். கொழும்பில் உன் போர்டிங் ரூமில் எல்லாருக்கும் நம் வீட்டுக் கதை தெரிந்துவிடும். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. அதனால் எழுதுகிறேன். அடுப்பில் பால் இருந்தால் இறக்கி வைத்துவிட்டு வந்து வாசி.

முதலில் எதற்கு வாங்கினேன் என்பது. நீ கேட்டது எனக்கு மறக்கவில்லை. "நகையக் கொஞ்சம் கொறச்சுப் போடுங்கப்பா, கம்ப்யூட்டர் சாமான நான் தனித்தனியாப் பாத்து வாங்கிப் பூட்டிக்கிறேன்" என்று சித்திரை லீவுக்கு வந்தபோதே சொன்னாய். கேம் நன்றாக ஓடுகிற மெஷின் வேண்டும், கல்யாணத்துக்குப் பிறகு பூண்டுலோயாவில் திலீபன் வீட்டு முன் அறையில் அப்படி நாலு மெஷின் போட்டுக் கேம் கடை நடத்த வேண்டும் என்பது உன் எண்ணம். அந்த வீடு பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே, டியூஷன் வகுப்புக்குப் போகிற வழியில் இருக்கிறது. பெண் பார்க்க அவர்கள் வந்து போன பிறகு நாங்கள் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனோமே, அன்றைக்கே அந்த இடத்தில் வியாபாரம் இருக்கிறது என்று எனக்கும் தெரிந்தது. ஆனால் நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு உன் மாமியாராகப் போகிற சரோஜா அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது வேறு. "கம்ப்யூட்டர் கொண்டாறது சந்தோசந்தாங்க அண்ணே. ஆனா கம்பனிப் பேரு போட்ட பொட்டியோட வரட்டும். சீர்சாமான அடுக்கி வைக்கிறப்ப நாலு சனம் வந்து பாக்கும். தகரப் பொட்டிய வச்சா என்னா பேசுவாங்க, சொல்லுங்க." நான் கடை விஷயத்தை எடுத்தேன். "அதெல்லாம் கல்யாணத்துக்குப் பொறவு பாத்துக்கலாம்" என்றார். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்கிறவர்களுக்கு நான் சரக்கு இறக்குவதே இல்லை. அன்றைக்கு மட்டும் வாயை மூடிக்கொண்டேன். பெட்டியைக் கொடுத்து அவரைக் குளிரவைத்தால் அறை தானாக வந்து சேரும் என்று நினைத்தேன். அப்படித்தான் உன்னிடம் கேட்காமல் ரெடிமேட் வாங்கினேன்.

இனி ஏன் திறந்தேன் என்பது. கந்தப்பளையில் மரக்கறி எடுக்கிறவர்கள் யாரும் மூட்டையைக் கட்டிய வாயோடு வாங்குவதில்லை. விற்கிறவரின் கண் முன்னாலேயே சாக்கைத் தலைகீழாகப் பிடித்துத் தரையில் கொட்டுவோம். அவரும் கோபப்படமாட்டார், கொட்டக்கூடாது என்று சொன்னால்தான் சந்தேகம். தோட்டத்து லய வீடுகளுக்குப் பின்னால் சனங்கள் போட்டிருந்த லீக்ஸ் பாத்திகளில் வாங்கித் தலையில் சுமந்து டவுனுக்குக் கொண்டுபோன காலத்தில், வலப்பனைப் பக்கத்து ஆள் ஒருவரிடம் முதன்முதலாக உருளைக்கிழங்கு எடுத்தேன். மேலே கைக்கு அடங்காத கிழங்கு. நடுவில் கோலிக்குண்டு அளவுக்குப் பொடிக்கிழங்கும் அரை மூட்டை மண்ணும். அன்றிலிருந்து எந்தச் சரக்காக இருந்தாலும் அதன் நடுவைப் பார்க்காவிட்டால் எனக்குக் கை அரிக்கும். கண்டிக் கடையிலேயே திறந்து காட்டச் சொல்லியிருப்பேன். கண்ணாடிக் கதவு, ஏசி, டை கட்டின ஆட்கள், என் காலில் கிழங்குச் சேறு. கேட்க வெட்கமாக இருந்தது. வீட்டில் கொண்டுவந்து வைத்த பிறகு அந்தப் பெட்டியைத் தாண்டிப் போகும்போதெல்லாம் உள்ளே என்னதான் வைத்திருக்கிறார்கள் என்றே யோசனை. "அது புள்ளயோட சீர்சாமான், கெழங்கு மூட்ட இல்ல" என்று உன் அம்மா எச்சரித்தாள். எச்சரித்துவிட்டு அவளே டோர்ச் பிடித்தாள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

உள்ளே பார்த்ததும் எனக்கு ஏற்பட்ட முதல் ஆச்சரியம், பெட்டிக்குள் முக்கால்வாசி காற்று. தேயிலைப் பேக்டரி மாதிரி ஒன்றின்மேல் ஒன்றாக நெருக்கிக்கொண்டு இருக்கும் என்று எண்ணியிருந்தேன். ஒரு பச்சைப் பலகை, அதன்மேல் ஒரு காற்றாடி, மூலையில் கரண்ட் வந்து சேருகிற தகர டப்பா, கீழே சாப்பாட்டுப் பெட்டி அளவில் ஒரு இரும்புக் கட்டி, நடுவில் கலர் கலராக வயர். அவ்வளவு விலையும் இதற்கா என்று கோபம் வரவேண்டிய இடம். எனக்கு வரவில்லை. இந்த வயர் எங்கே போகிறது, இந்தக் காற்றாடி எதற்குக் காற்று அடிக்கிறது, காலியாக விட்ட இடங்கள் யாருக்காக என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும்போல் இருந்தது. கேட்க ஆள் இல்லை. ஜெயராணிக்குக் கணக்குப் போடத் தெரியும், திறக்கத் தெரியாது. அதனால்தான் உனக்குப் போன் எடுத்து அந்தப் பழுப்பு வாயைப் பற்றிக் கேட்டேன். நீ பதில் சொல்லாமல் வைத்துவிட்டாய்.

நம் வீட்டுக்கு வந்த முதல் கம்ப்யூட்டரை நீ திறந்த நாளும் அப்போது நினைவுக்கு வந்தது. கொழும்பில் ஏதோ ஒரு ஒபீஸ் கழித்துப் போட்டதை, கடைக் கணக்குக்கு உதவும் என்று யாரோ சொல்ல, லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். கணக்கு அதில் ஒரு நாளும் எழுதப்படவில்லை. நீ அதில் கார் ரேஸ் போட்டாய். கடையில் மூட்டை இறக்குகிறவர்களெல்லாம் வரிசையாக நின்று பார்த்தார்கள். நம் டிரைவர் சேவியர் விளையாடும்போது மேசைக்குக் கீழே பிரேக் மிதித்து மிதித்து மேசைக்காலே ஆடிப்போனது. "ராமண்ணே, ரம்பொட வளைவே இதவிட லேசுண்ணே" என்று லோடர் ராமனிடம் சொல்லி வியர்வையைத் துடைத்துக்கொள்வான். பிறகு புதிதாக ஏதோ ஒரு கேம் வந்தது, நம் மெஷினில் ஓடவில்லை. கார்டு ஒன்று போட வேண்டும், திறக்கட்டுமா என்று கேட்டாய். தொட்டால் கையை ஒடிப்பேன் என்றேன். நான் தம்புள்ளைக்கு லோடு கொண்டுபோய்த் திரும்பி வந்தபோது சோறு தின்கிற மேசைமேல் குடலைக் காட்டிக்கொண்டு அது கிடந்தது. நீ பக்கத்தில் நின்று, பல் துலக்குகிற பிரஷால் தூசு தட்டிக்கொண்டிருந்தாய். நான் கத்தினேன். நீ அழவில்லை. "அப்பா, இது எல்லாமே பிளக்குதான். எடுத்து எடுத்துக் குத்தலாம், பாருங்க" என்று ஒரு பச்சைத் துண்டை உருவி எடுத்து மறுபடி குத்திக் காட்டினாய். அன்று சாயந்தரம் அந்தக் கேம் ஓடியது. எப்படி ஓடியது என்று கேட்க நினைத்தேன், கத்திவிட்டதால் கேட்கவில்லை.

ஸ்டிக்கர் கிழிந்த மறுநாள் கண்டிக்குப் பஸ் ஏறினேன். வாங்கின கடைக்கு நேரே போனேன். இந்தத் தடவை செருப்பைக் கழுவிக்கொண்டு போனேன். மேனேஜர் சிங்களவர், என் வயதிருக்கும், நிதானமான மனிதர். வாரண்டியைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்கவில்லை, கிழித்தது நான். எனக்குத் தெரியவேண்டியது வேறு என்றேன். அவர் ஆச்சரியப்பட்டுத் தேத்தண்ணி வரவழைத்தார். உங்கள் பெட்டியில் அந்த நீள வாய் ஏன் காலி என்று கேட்டேன். அது படம் வேகமாக வரைகிற கார்டு போடுகிற இடம், ஒபீஸ் வேலைக்கும் படிக்கிற பிள்ளைகளுக்கும் அது தேவைப்படாது, அதனால் விலையைக் குறைக்கப் போடுவதில்லை, இப்போது வருகிற கேம்களை ஓட்ட அந்தக் கார்டு கட்டாயம் வேண்டும் என்று மறைக்காமல் சொன்னார். நான் வாங்க வந்தபோது ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நீங்கள் கேம் என்று சொல்லவே இல்லையே, பெரிய பெட்டியாகக் கொடுங்கள் என்றுதானே கேட்டீர்கள் என்றார். உண்மைதான். அப்படித்தான் கேட்டேன். பிறகு அவர் தன் பக்கத்து நியாயத்தையும் சொன்னார். ரெடிமேட் என்றால் எது கெட்டாலும் ஒரே கடைக்கு வந்தால் போதும். எல்லாவற்றையும் சேர்த்து ஓட விட்டுச் சோதித்துத்தான் பெட்டியில் போடுகிறார்கள். வீட்டில் யாருக்கும் ஒன்றும் தெரியாது என்றால் அதைவிட நிம்மதி கிடையாது. இதில் பொய் எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அதே தெருவில் மாடியில் ஒரு சாமான் கடை. அங்கே ரிஸ்வான் என்று ஒரு தம்பி, உன் வயதுதான் இருக்கும். என் மகள் கேம் மெஷின் பூட்டப் போகிறாள் என்றதும் உற்சாகமாகிவிட்டார். ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். கரண்ட் டப்பாவிலேயே மூன்று தினுசு. "தூக்கிப் பாருங்க அங்கிள்" என்றார். ஒன்று வெங்காயச் சருகு மாதிரி, ஒன்று செங்கல் மாதிரி. லேசானதில் கார்டு போட்டு விளையாடினால் நடுவில் மெஷின் அணைந்துபோகும், சில சமயம் மற்றதையும் சேர்த்துக் கெடுத்துவிடும் என்றார். ரெடிமேட் பெட்டியில் கார்டு இல்லாததால் லேசானதே போதுமாம். பிறகு நீயாக ஒரு கார்டு வாங்கிக் குத்தினால் டப்பாவையும் மாற்ற வேண்டி வருமாம். அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது, ஒன்றை மாற்றினால் இன்னொன்று ஏன் நகர்கிறது என்று. லொறிக்குப் பெரிய எஞ்சின் போட்டுவிட்டுப் பழைய பிரேக்கையே வைத்திருக்க முடியாதே, அது மாதிரி. நான் அவரிடமும் கேட்கவேண்டியதைக் கேட்டேன். "தனித்தனியா வாங்கிப் பூட்டி, ஓடலன்னா யாருகிட்ட வர்றது தம்பி?" அவர் சிரித்தார். "அங்கதான் அங்கிள் கஷ்டம். போர்டு தந்தவர் மெமரியில பிழை என்பார், மெமரி தந்தவர் பவர் சப்ளையில பிழை என்பார். எதுல பிழைன்னு கண்டுபிடிக்கிற ஆளு வீட்டுல இருக்கணும். இல்லாட்டி நாங்களே ரெடிமேட் எடுங்கன்னுதான் சொல்லுவோம்."

பஸ்ஸில் திரும்பி வரும்போது இந்த இரண்டு பேரும் சொன்னதை மாற்றி மாற்றி யோசித்தேன். எது நல்லது என்று கேட்டுக்கொண்டு போனேன். இரண்டு பேருமே ஒரே பதிலைத்தான் சொல்லியிருக்கிறார்கள். பழுதானால் என்ன செய்வது என்று தெரியாத வீட்டுக்கு ரெடிமேட். தெரிந்த ஆள் இருக்கிற வீட்டுக்குப் பூட்டின மெஷின். ரெடிமேடுக்கு நாம் கொடுக்கிற கூடுதல் பணம் தெரியாமைக்குக் கொடுக்கிற பணம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நானும் என் லொறி எஞ்சினைத் திறப்பதில்லை, கராஜுக்குக் கொடுக்கிறேன். ஆனால் எஞ்சின் வேலை தெரிந்த மகளுக்கே கல்யாணச் சீராகக் கராஜ் பில்லைக் கொடுத்த மாதிரி நான் ஒரு காரியம் செய்திருக்கிறேன். கொழும்பில் நீ பார்க்கிற கம்ப்யூட்டர் வேலையே எதில் பிழை என்று கண்டுபிடிப்பது. உனக்கு வாரண்டி ஸ்டிக்கரை வாங்கி வந்தேன். இதைப் புரிந்துகொள்ள எனக்குக் கண்டிக்கு இரண்டாவது பஸ் டிக்கெட் தேவைப்பட்டது. நீயும் நாளைக்குக் கடை நடத்துவாய், அதனால் சொல்கிறேன்: விற்கிறவரிடம் நமக்கு என்ன வேண்டும் என்று சொல்லாமல், பெரியதாகக் கொடு என்று கேட்காதே. அவர் பெரியதாகத்தான் கொடுப்பார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். ரெடிமேடைக் கடைக் கணக்குக்கு வைத்துக்கொள்வோம், ரேணு கேட்ட மாதிரி சாமானாக வாங்கிக் கொடுப்போம் என்றேன். அவள் கொஞ்சம் யோசித்து, "அப்ப ஒன்னு செய்யலாம். புள்ள பூட்டுற மெஷினக் கம்பனிப் பொட்டிக்குள்ள வச்சு ஒட்டிருவோம். சம்பந்தியம்மா உள்ளயா பாக்கப் போறாங்க" என்றாள். நல்ல யோசனை என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது. பிறகு, மேலே பெரிய கிழங்கு வைக்கிற வேலையை மகள் கல்யாணத்தில் நானே செய்வதா என்று மறுத்துவிட்டேன். "அப்பப் போயி நேராப் பேசுங்க. பொட்டியப் பத்தி இல்ல, அந்த ரூம்பப் பத்தி" என்றாள். "எங்க அப்பா எனக்குத் தையல் மெஷின் குடுத்தாரு. ஒங்க அம்மா அதுக்குப் பூத்துணி போத்தி மேல ரேடியோ வச்சாங்க. வெளியாளுக்குத் தச்சாக் கௌரவக் கொறச்சல்னாங்க. பதினோரு வருசம் ரேடியோ ஸ்டேண்டு. நீங்களும் அதுல நல்லாப் பாட்டுக் கேட்டீங்க." இதைச் சொல்லும்போது அவள் கோபமாக இல்லை, பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டே சொன்னாள். நான் சட்டையை மாற்றிக்கொண்டு அடுத்த நாளே பூண்டுலோயாவுக்குக் கிளம்பினேன்.

போனபோது சம்பந்தி முத்தையா உரக்கடையைச் சாத்திவிட்டுச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். திலீபனும் இருந்தான். "வாங்க சம்பந்தி, என்னா திடீர்னு. கல்யாண வேலையில எதும் கொறையா?" என்றார். "கொற ஒன்னும் இல்லைங்க. சீருக்கு வாங்கின கம்ப்யூட்டரக் கழட்டிப்புட்டேன், அதச் சொல்லிட்டுப் போக வந்தேன்" என்றேன். சரோஜா அம்மா குசினியிலிருந்து கரண்டியோடு வந்துவிட்டார். "கம்பனிப் பொட்டியையா அண்ணே?" "பொட்டி நல்லாத்தாங்க இருக்கு. வேணுன்னா அத மட்டும் தாறேன், சபையில வைங்க" என்றேன். சம்பந்தி சிரித்தார். சரோஜா அம்மா சிரிக்கவில்லை. அதனால் சுற்றி வளைக்காமல் சொன்னேன். "ரேணு தானாப் பூட்டுற மெஷினத்தான் கொண்டாரும். அது தகரப் பொட்டிதான், பேரு ஒன்னும் இருக்காது. சபையில வைக்க இல்லைங்க, இந்த முன் ரூம்புல வச்சுத் தொழில் செய்யத்தான் கொண்டாருது. ரூம்பு உண்டா இல்லையான்னு இன்னிக்குத் தெரிஞ்சா நல்லது."

"இல்லன்னா?" என்று கேட்டார் சரோஜா அம்மா. நியாயமான கேள்வி. "இல்லன்னாக் கல்யாணத்த நிப்பாட்டுற ஆளு நான் இல்ல. ஆனா புள்ளகிட்டப் போயி இல்லன்னு சொல்லணும். அவ என்னா முடிவு எடுப்பான்னு எனக்குத் தெரியாது" என்றேன். பேரம் பேசுகிறபோது நான் எத்தனையோ தடவை தெரியாது என்று சொல்லியிருக்கிறேன், தெரிந்துகொண்டே. இந்தத் தடவை உண்மையிலேயே தெரியாது. அது அவருக்கும் புரிந்திருக்க வேண்டும், கரண்டியை மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார். "நான் புள்ளையக் கொற சொல்லல அண்ணே. ஸ்கூல் பயலுக வாசல்ல செருப்பக் குமிச்சுப் போட்டுக் கத்துவானுக. கல்யாணமாகி வந்த புதுசுல மருமக அந்தக் கூட்டத்துல தனியா ஒக்காந்திருந்தா ஊரு சும்மா இருக்குமா?" இதுவும் நியாயம்தான். பெட்டியைப் பற்றிப் பேசியபோதெல்லாம் இதை அவர் சொல்லவே இல்லை. நானும் கேட்கவே இல்லை. "தனியா எதுக்குங்க? நீங்க கதவோரத்துல ஒரு நாக்காலி போட்டு ஒக்காருங்க. ஒங்க சத்தத்துக்கு முன்னால எந்தப் பய கத்துவான்" என்றேன். "அது நெசந்தான். நானே கத்தினதில்ல" என்றார் சம்பந்தி. சரோஜா அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தார். ஆனால் வாயோரத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

அப்போது திலீபன், "எத்தன எம்பி கிராபிக்ஸ் கார்டு போடப் போறாங்க மாமா?" என்று கேட்டான். அவன் அம்மா திரும்பி, "ஏண்டா, நீ கட நடத்தப் போறியா வெளையாடப் போறியா" என்றார். "ரெண்டுந்தாம்மா. பொட்டியில வர்றதுல இப்ப வர்ற கேம் ஒன்னும் ஓடாதும்மா. அட்டன் டவுனுல ஒரு கடையில போட்டு வச்சிருக்கான், எல்லாம் நடுவுல நடுவுல நின்னு நின்னு ஓடுது. பயலுக காசத் திருப்பிக் கேக்குறானுக." அவனுக்கு அது எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. உர விஷயமாக அவனை அட்டனுக்கு அனுப்பிய நாட்களையெல்லாம் சம்பந்தி மனதில் எண்ணிப் பார்த்திருப்பார். எனக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது, முன்னைவிட அன்று இன்னும் கூடுதலாகப் பிடித்தது.

பிறகு அறையைப் பார்த்தோம். உர மூட்டை முழங்கால் உயரத்துக்கு அடுக்கியிருக்கிறார்கள்; அந்தத் தூள் மெஷினுக்குள் போனால் தகடுகளை அரித்துவிடும் என்று திலீபனே சொன்னான். சுவரில் ஈர ஓதம் ஒரு மூலையில்தான். கரண்ட் எப்படி என்று கேட்டேன். "தேயிலப் பேக்டரியில ரோலர ஓட விட்டா லைட்டு ரெண்டு தரம் கண்ணடிக்கும்" என்றார் சம்பந்தி. நான் சுவிட்சைப் போட்டுவிட்டு அங்கேயே காத்திருந்து பார்த்தேன். உண்மைதான், மங்கி மங்கி எழுந்தது. அதனால் செங்கல் மாதிரிக் கனக்கிற டப்பாவையே எடு, நாலு மெஷினுக்கும் யூபிஎஸ் கட்டாயம். இதில் மிச்சம் பிடிக்காதே. கார்டில் வேண்டுமானால் ஒரு படி குறைத்துக்கொள், பிறகு மாற்றலாம். பூட்டின மெஷினில் இருக்கிற வசதியே அதுதானே. எதை எதோடு சேர்ப்பது என்று எனக்குப் புத்தி சொல்ல வராது. எழுதி அனுப்பு, ரிஸ்வானிடம் விலை கேட்டு வைக்கிறேன். சனி, ஞாயிறில் நீ கண்டிக்கு வந்தால் இருவருமாகப் போவோம். அந்தப் பழுப்பு வாயில் கார்டு எப்படிப் போய் உட்காருகிறது என்று நான் என் கண்ணால் பார்க்க வேண்டும்.

அன்று பேசி முடித்ததைக் கீழே எழுதுகிறேன். உன் சார்பில் நான் தலையாட்டவில்லை. ரேணு சரி என்றால்தான் சரி என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். ஏதாவது ஒன்று ஒத்துவராவிட்டால் திலீபனுக்கே போன் எடுத்துச் சொல், அவன் காத்துக்கொண்டிருக்கிறான்.

முன் அறை உனக்கு. தைக் கல்யாணத்துக்கு முன் உர மூட்டைகள் பின்னால் இருக்கிற கொட்டிலுக்குப் போய்விடும், ஓதம் பிடித்த சுவருக்குச் சம்பந்தி பூச்சுப் பூசித் தருவார். முதல் ஆறு மாதம் வாடகை இல்லை, அதற்குப் பிறகு மாதம் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் சம்பந்தியின் கையில். கரண்டுக்குத் தனி மீட்டர், அதைப் போடுகிற செலவு என்னுடையது. நாலு மெஷினில் நீ கொண்டு போகிறதும் இன்னொன்றும் என் செலவு, மற்ற இரண்டும் திலீபன் செலவு. நாலையும் நீதான் பூட்டுவாய், ரெடிமேட் ஒன்றும் வராது. சீர்சாமான் அடுக்குகிற இடத்தில் உன் மெஷினைப் பெட்டி இல்லாமல், ஓடுகிறபடியே வைப்பது, பார்க்க வருகிறவர்கள் ஒரு தரம் கார் ஓட்டிப் பார்க்கலாம். கடை திறப்பது ஸ்கூல் விட்ட பிறகு, சாத்துவது விளக்கு வைக்கிற நேரத்துக்கு; சனி, ஞாயிறு காலையிலிருந்து. ஸ்கூல் நேரத்தில் யூனிபோர்மோடு வருகிற பிள்ளையை உள்ளே விடுவதில்லை. மணித்தியாலத்துக்கு நாற்பது ரூபாய், கடன் கிடையாது. முதல் மூன்று மாதம் சரோஜா அம்மா கதவோரத்தில் உட்காருவார், சம்பளம் கேட்கமாட்டார், கணக்கும் கேட்கமாட்டார். கல்லாவுக்குச் சாவி ஒன்று, அது உன்னிடம்.